இடது கைப்பக்கம் ஒரு த்ராட்டில்

சைக்கிள் மோட்டாரின் கன்ட்ரோலர் பெட்டி மூடி கழன்று வந்துவிட்டது. திருகாணிகளை இவர் உள்ளங்கையில் போட்டேன், இவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், இனி அதில் ஒன்று காணாமல் போகும், இரண்டு பேரும் பீரோவுக்கு அடியில் தேடுவோம், தேடுகிற நேரமெல்லாம் எனக்கு மிச்சம். என்ன புத்தி இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டைக் கழுவி வைத்த கையோடு ஹாலில் பழைய போர்வையை விரித்து, மடக்கு சைக்கிளை அதன்மேல் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை கொடுத்து, இவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் கையில் டார்ச்சையும் கொடுத்துவிட்டு, வேலை முடியாமல் போனால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். டார்ச்சை வயர்மேல் பிடிக்கச் சொன்னால் இவர் என் முகத்தில் அடிக்கிறார். பேசினால் என் முகத்தைப் பார்ப்பார், பார்க்கிற பக்கமே டார்ச்சும் திரும்பும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். ஊருக்குள் கேட்டால் கரண்ட் ஆபீஸ் வெள்ளிங்கிரி என்பார்கள், வீட்டில் ஃபியூஸ் போனால் கரண்ட் ஆபீஸ் வெள்ளிங்கிரி என்னைக் கூப்பிடுவார். வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடுகிற எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதுவது ரிட்டயர் ஆகும்வரை இவர் வேலை, மீட்டருக்குப் பின்னால் இருக்கிற வயரோடு இவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று, பொண்ணு மோட்டார் கம்பெனியில் வைண்டிங் வேலை பார்க்கிறாள் என்று எங்கப்பா தயங்கித் தயங்கிச் சொன்னதும், நல்லதாப் போச்சுங்க, வீட்டில் ஒருத்தருக்காவது கரண்டைப் பற்றித் தெரிந்திருக்கும் என்றார். உள்ளே இருந்த நான் சத்தமாகச் சிரித்துத் தொலைத்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். நான் வைண்டிங்கில் ஆரம்பித்து டெஸ்டிங்கில் முடித்தவள். கோயமுத்தூர்க் கம்பெனிகளில் கம்பி சுற்றுகிற பொம்பளைகள் நிறைய, டெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் குறைச்சல். எனக்கு இந்தச் சைக்கிளுக்குக் மிதிக்காமலே மோட்டார் ஓட, கையால் அழுத்துகிற ஒரு த்ராட்டில் மாட்டுவது அரை மணி நேர வேலை. அதைத்தான் ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சிவப்பு, கறுப்பு, பச்சை. மூன்றே வயர். கம்பெனிக்காரனே கன்ட்ரோலரில் இதற்கென்று ஒரு கனெக்டரை விட்டு வைத்திருக்கிறான், எதையும் சொருகாமல் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறான். டேப்பைப் பிரிக்கிறேன். பிசின் கையில் ஒட்டுகிறது. ஓசூரில் இருக்கிற மகள் சுகன்யா வாங்கிக் கொடுத்த சைக்கிள் இது. மாடி வீடு, கீழே நிறுத்தினால் மழையில் நனையும், அதனால் மடக்குகிற மாதிரி பார்த்து வாங்கினாள். மடித்தால் டிவி ஸ்டாண்டுக்கும் பீரோவுக்கும் நடுவே கோவித்துக்கொண்ட குழந்தை மாதிரி குறுகி உட்கார்ந்துகொள்ளும். பங்குனியில் இவருக்கு நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், மேட்டில் மட்டும் தம் கட்டி மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். மகள் அதைக் கேட்டுவிட்டுப் போய்த்தான், மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து உதவுகிற இந்த வண்டியை அனுப்பினாள். மிதித்தால்தான் உதவும். மிதிக்காவிட்டால் சும்மா இருக்கும். அங்கேதான் வந்தது வினை. ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் உழவர் சந்தை, நடுவே மேம்பாலம். ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் மோட்டார் தள்ளிவிட்டுவிடும், ஒன்றுமே தெரியாது. இவரோ பாலத்து மேட்டில் பாதியில், எதிரே வந்த ரீடிங் எடுத்த காலத்து வீட்டுக்காரர் யாரையோ பார்த்து நிறுத்தி, மகன் கல்யாணம், புது வீடு, ஏசி போட்டபின் பில் எவ்வளவு என்று சகலமும் விசாரித்துவிட்டு, மறுபடி கிளம்புவதற்குக் காலை அழுத்தியிருக்கிறார். நின்ற இடத்திலிருந்து முதல் மிதி முழுக்க மனுஷன் காலில்தான். பேட்டரிக் கனம், சைக்கிள் கனம், பையில் பூசணிக்காய் வேறு. அதை ஏன் வாங்கினாரோ, எங்கள் வீட்டில் பூசணிக்காய் தின்கிறவர்கள் யார். மூச்சு முட்டி ஓரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தெரியாத நம்பரிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டு, அம்மா இங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார் என்றான். உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் சொன்னான், என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. என் ஸ்கூட்டரை எடுத்ததும் தெரியாது, போய்ச் சேர்ந்ததும் தெரியாது. போனால் இவர் அந்தப் பையனிடம் எந்தத் தெரு, எத்தனாம் நம்பர் வீடு, ரோஸ் கலர் கேட் போட்ட வீடா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, இருதயத்துக்கு ஒன்றுமில்லை, அந்த ஒரு தடவை தம் கட்டியதுதான் என்றார்கள். ஒன்றுமில்லை என்று அவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்த நாளிலிருந்து நான் பின்னாலேயே போக ஆரம்பித்தேன். என் ஸ்கூட்டரில், கொஞ்சம் தள்ளி. போகிறேன் என்று இவரிடம் சொல்லவில்லை, சொல்லாமல் தெரியாதா. இவர் தெருமுனை திரும்பியதும் நான் கிளம்புவேன், சந்தை வாசல்வரை போய், இவர் உள்ளே நுழைந்ததும் வெளியில் நிற்பேன், திரும்பும்போது மறுபடி பின்னால். இவர் முதுகு எனக்கு இப்போது மனப்பாடம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் முதுகை யார் பார்த்தார்கள், முகத்தோடு சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. கட்டம் போட்ட சட்டையில் வேர்வை முதலில் இடது தோள்பட்டைக்குக் கீழேதான் ஊறும். காலருக்கு மேலே கழுத்தில் ஒரு மடிப்பு, மேடு வந்தால் அது ஆழமாகும். தோள் இரண்டும் சமமாக இருந்தால் சுகமாகப் போகிறார், இடது தோள் மேலே ஏறினால் தம் கட்டுகிறார். இறங்கும்வரை நானும் மூச்சு விட மாட்டேன். அந்த மேம்பாலத்தில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, விளக்குக் கம்பம் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், இந்த ஊரில் யார்தான் அடிக்கவில்லை. நடுவில் நடுவில் இவர் திரும்பிப் பார்ப்பார். யாரோ தெரிந்தவர் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஆடி மாசம் ஒருநாள் சந்தையிலிருந்து வந்து, முகங்கூடக் கழுவாமல், துளசி, மேட்டில் மிதிக்காமலே ஏறுகிற மாதிரி இதில் எதையாவது மாட்டிக் கொடு என்றார். மாட்டிவிட்டால் நீ பின்னால் வரக் கூடாது என்றார். எனக்குச் சுருக்கென்றது. பேக்கரியில் எவனாவது, என்ன வெள்ளிங்கிரி, பாடிகார்டு வந்தாச்சா என்று கேட்டிருப்பான். கேட்டால் கேட்கட்டுமே. ஆனால் ஒரு ஆம்பிளை சந்தைக்குப் போய்வரப் பெண்டாட்டி பின்னால் வருகிறாள் என்றால் மனசு சங்கடப்படாதா, படும்தான். சரி என்றேன். எங்கள் வீட்டில் சத்தியம் கித்தியம் கிடையாது. சரி என்று வாயால் சொன்னால் சரிதான், அதற்குமேல் அப்பீல் இல்லை. அதனால்தான் இந்த மூன்று வயரும் எனக்கு இவ்வளவு கனக்கிறது.

மாட்டாமலும் இருக்கவில்லை. ஆவணியில் ஒருமுறை மாட்டினேன். ஸ்கூட்டரில் இருக்கிற மாதிரி முறுக்குகிற த்ராட்டில், வலது கையில். அது தவிர வேறு எங்கே மாட்டுவார்கள், உலகமே வலது கையில்தான் முறுக்குகிறது. இவர் ஏறி உட்கார்ந்து கிளம்பினார். முதல் வீட்டு வாசலில் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். இவர் வலது கையைத் தூக்கி வணக்கம் வைத்தார், சைக்கிள் நின்றது. மறுபடி முறுக்கினார், அடுத்த வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தார், கை மேலே போனது, சைக்கிள் நின்றது. அந்தத் தெரு முழுக்க இவர் ரீடிங் எடுத்த தெரு. த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரர், போர் மோட்டார் வீட்டுக்காரர், எப்போதும் நாயைக் கட்டிப் போட மறக்கிற வீட்டுக்காரர், அத்தனை பேருக்கும் ஒரு கை. மணி அடிக்க மாட்டார், கையைத் தூக்குவார், அதுதான் இவருக்கு ஹாரனும் பிரேக்கும். பழைய சைக்கிளில் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே கும்பிட்டுப் பழகிய மனுஷன். நின்று நின்று தெருமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் இவருக்கு வேர்த்துவிட்டது, எனக்குச் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது. இடது கையால் வணக்கம் வையுங்களேன் என்றதற்கு, ஏன், செருப்பைக் காட்டட்டுமா என்றார். பாலத்து மேட்டில் அப்படி ஒருத்தருக்குக் கையைத் தூக்கினால் வண்டி பின்னால் உருளும், அதனால் அன்றைக்கே கழற்றிவிட்டேன். இடது கைக்கென்றே செய்கிற, கட்டைவிரலால் அழுத்துகிற சின்ன த்ராட்டில் ஒன்று இருக்கிறது, தேடிப் பிடித்து வரவழைக்க வேண்டும் என்றேன். உண்மைதான். அதைத் தேடுவதில் நான் அவசரம் காட்டவில்லை என்பதும் உண்மை. வந்த பிறகும் கனெக்டர் பொருந்தவில்லை என்று கொஞ்ச நாள், வயர் ஒட்டுக்குமேல் மாட்டினால் சூட்டில் சுருங்குகிற ட்யூப் கிடைக்கவில்லை என்று கொஞ்ச நாள். இந்த வீட்டில் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு முழம் ட்யூப் எப்போதும் இருக்கும்.

இப்போது வயரை ஹேண்டில் வரைக்கும் கொண்டு போக வேண்டும். மடக்கு சைக்கிளில் இதுதான் கஷ்டமான இடம். நடுவில் ஒரு மடிப்பு, ஹேண்டில் தண்டில் ஒரு மடிப்பு. விறைப்பாகக் கட்டினால் மடிக்கும்போது இழுபட்டு உள்ளே அறுந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. தொளதொளவென்று விட்டால் மடிப்பில் சிக்கி நசுங்கும். மடித்துப் பார்க்கிறேன், விரித்துப் பார்க்கிறேன், விரலளவு விடுகிறேன், மறுபடி மடிக்கிறேன். டார்ச் கொஞ்ச நேரமாக ஜன்னலைக் காட்டுகிறது. இவர் கீழ் வீட்டுக்காரர் மழைநீர்க் குழாயை மாற்றியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் ம் கொட்டுகிறேன். இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் நிறுத்தவே மாட்டார். டெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் மோட்டார் ஒழுங்காக ஓடினால் சத்தம் காதில் ஏறவே ஏறாது, எங்கோ ஒன்று மாறினால் மட்டும் சட்டென்று கை சுவிட்சுக்குப் போகும். பங்குனியில் அந்த ராத்திரி இவர் குறட்டை நின்றபோதுதான் நான் எழுந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உன்னை எழுப்ப வேண்டாம் என்று பார்த்தேன் என்றார். எழுப்ப வேண்டாமாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படிப்பட்ட மனுஷனை நம்பி எப்படித் தனியாக அனுப்புவது. பாலத்தில் நெஞ்சு வலித்தாலும், துளசி சமையல் வேலையாக இருப்பாள், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று ஓரமாக உட்கார்ந்துகொள்கிற ஜாதி. கிளிப்பை அழுத்துகிறேன், டிக் என்று உட்காருகிறது. பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா, அதை முதலில் பேட்டரியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்ற வேண்டும். நிற்கிறது. நல்ல பிரேக். எல்லாம் நல்லதாகவே அமைந்து தொலைக்கிறது.

அந்த இரண்டு வெள்ளை வயர் கண்ணில் படுகிறது. பட்டது என்ன, காலையிலிருந்தே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கன்ட்ரோலரிலிருந்து தனியாக வருகிற ஜோடி, முனையில் ஆளுக்கொரு குட்டிக் கனெக்டர். இரண்டையும் ஒன்றோடொன்று சொருகிவிட்டால் வேகம் ஒரு அளவுக்கு மேல் போகாது. எவ்வளவுதான் அழுத்தினாலும் ஆள் நடக்கிற வேகம்தான். பின்னால் வர மாட்டேன் என்றுதான் சொன்னேன், வேகத்தைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. மெதுவாகப் போனால் விழுந்தாலும் அடி குறைவு. மெதுவாகப் போனால், ஒருவேளை, என்றைக்காவது, நான் ஸ்கூட்டரை எடுக்காமல் நடந்தே போனாலும் எட்டிப் பிடித்துவிடலாம். நடந்து போனால் அது பின்னால் வருவதில் சேருமா. எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனாலும் கை நிற்கவில்லை. புது மோட்டாரை முதலில் மெதுவாகத்தான் ஓட்டிப் பார்ப்போம், அது கம்பெனி வழக்கம், இதுவும் அப்படித்தான், கொஞ்ச நாள் ஓடட்டும், பிறகு பிரித்துவிடுவேன். எப்போது பிரிப்பேன். தை வரட்டும். அடுத்த செக்கப் முடியட்டும். சொருகிவிட்டேன். டேப் சுற்றிவிட்டேன். இவர் டார்ச் அந்த நேரம் பார்த்து நேராக என் கைமேல் அடிக்கிறது, கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாகச் சரியான இடத்தில். இது என்ன வயர் என்று கேட்கிறார். இது சும்மா, எர்த் மாதிரி என்கிறேன். கரண்ட் ஆபீஸில் இருந்தவர் தலையை ஆட்டி ஒத்துக்கொள்கிறார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருக்கிறது.

மூடியை வைத்து, பேட்டரியை மறுபடி போட்டு, சுவிட்சைத் தட்டி, இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் இவர் கட்டைவிரலை எடுத்து த்ராட்டில்மேல் வைக்கிறேன். அழுத்துங்கள் என்கிறேன். தரையில் படாமல் நிற்கிற பின்சக்கரம் மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சுற்றுகிறது. இவ்வளவுதானா என்கிறார். இவ்வளவுதான், ரோட்டில் போனால் சரியாக இருக்கும் என்கிறேன். இவர் சட்டைப்பையைத் துழாவித் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார், ஒன்றுகூடக் குறையவில்லை. நான் முதலாவதை முடுக்குகிறேன். இரண்டாவதைக் கொடுக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறார்.

"துளசி, இது எனக்காகக் கேக்கல."

பின்னே யாருக்காம் என்கிறேன், ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டே.

"ஆடி மாசத்துல பாலத்து எறக்கத்துல ஒரு டேங்கர் லாரி உன்ன ஒரசிட்டுப் போச்சு. உன்ற முந்தானை அவன் டயர் பக்கமாப் பறந்துச்சு. அவன் ஹாரன அமுக்கிட்டேதான் வந்தான். நீ என்ற முதுகையே பாத்துட்டு வந்தே, கண்ணு."

லாரியா. எந்த லாரி. நினைத்துப் பார்க்கிறேன், பாலம் வருகிறது, இறக்கம் வருகிறது, கட்டம் போட்ட சட்டை வருகிறது, இடது தோளுக்குக் கீழே ஈரம் வருகிறது, லாரி வரவில்லை. ஒரு டேங்கர் லாரி என்பது இந்த ஹால் அளவு இருக்கும். அது பக்கத்தில் போனது எனக்குத் தெரியாது. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறேன், என் குரல் எனக்கே கோபமாகக் கேட்கிறது.

"சொன்னா நிறுத்துவியா? இன்னும் கிட்டக்க வருவே. பாலத்த நான் மிதிச்சே ஏறிருவேன், இத்தன நாளா அப்படித்தானே ஏறுறேன். அன்னிக்கு நடுவுல நின்னதுதான் தப்பு. நீ வீட்ல இருக்கோணும்னா உனக்கு ஒரு மெஷினு வேணும். மெஷினச் சொன்னா நம்புவே, என்னயச் சொன்னா நம்ப மாட்டே."

சொல்லிவிட்டு இவர் பாட்டுக்குத் திருகாணியை நீட்டிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் திரும்பித் திரும்பிப் பார்த்ததெல்லாம். யாரும் கூப்பிடவே இல்லையா. மேட்டில் மூச்சைப் பிடித்து மிதித்துக்கொண்டு, கூடவே பின்னால் நான் உயிரோடு வருகிறேனா என்றும் பார்த்துக்கொண்டு, இதற்கா டாக்டர் தம் கட்டக் கூடாது என்றார். நான் இவர் நெஞ்சுக்காகப் பின்னால் போக, அந்த நெஞ்சு என்னை நினைத்து அடித்துக்கொள்ள, நல்ல குடும்பம். எனக்கு இவர்மேல் கோபம் கோபமாக வருகிறது, இந்த மனுஷனைப் போல எனக்கு இந்த உலகத்தில் யாருமே இல்லை என்றும் வருகிறது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது, பிரித்து எடுக்க முடியவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொள்கிறேன். இந்த முந்தானைதானா அன்றைக்குப் பறந்தது. பாலம் இப்போது கண்ணில் முழுசாகத் தெரிகிறது, ஓரச்சுவர், குறுகலான ரோடு, பின்னால் லாரி, முன்னால் ஆள் நடக்கிற வேகத்தில் தள்ளாடித் தள்ளாடி ஏறுகிற ஒரு மடக்கு சைக்கிள். மேட்டில் அந்த வேகத்தில் ஹேண்டில் நேராக நிற்குமா. நிற்காது. எந்த டெஸ்டரும் இதைப் பாஸ் பண்ணியிருக்க மாட்டாள். பாதுகாப்பு என்று நினைத்து நானே இவரை லாரிக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தப் பார்த்தேன். முடுக்கிய திருகாணியை மறுபடி கழற்றுகிறேன். என்ன ஆச்சு என்கிறார். ஒரு வயர் சரியாக உட்காரவில்லை என்கிறேன். எர்த்தா என்கிறார். ஆமாம், அந்த எர்த்துதான். டேப்பைப் பிரிக்கிறேன், நகம் வழுக்குகிறது, பல்லால் கடித்து இழுக்கிறேன். வெள்ளை வயர் இரண்டையும் பிடுங்கித் தனித்தனியாக டேப் சுற்றி, ஒன்றை ஒன்று தொடாமல் ஆளுக்கொரு மூலையில் தள்ளுகிறேன். மூடி. திருகாணிகள். சுவிட்சு. அழுத்துங்கள். சக்கரம் விர்ரென்று சுற்றுகிறது, போர்வையின் ஓரம் காற்றில் படபடக்கிறது, இவர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டுப் பிறகு சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறார். ஏம் புள்ளே, இத மொதல்லயே பண்ணியிருக்கலாமில்ல என்கிறார். பண்ணியிருக்கலாம்.

மடித்துக் கீழே நானே தூக்கிக்கொண்டு இறங்குகிறேன், தூக்குகிற விஷயத்தில் இவருக்குப் பேச்சுரிமை இல்லை. விரித்து, நடுக் கொண்டியைப் போட்டு, ஹேண்டில் கொண்டியைப் போட்டு, இரண்டையும் அசைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன். மேட்டில் மட்டும் அழுத்துங்கள், சமதளத்தில் மிதியுங்கள், பாலத்தில் யாரையும் பார்த்து நிற்காதீர்கள், பூசணிக்காய் வாங்காதீர்கள் என்கிறேன். எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். சந்தைக்குக் கிளம்பித் தெருவில் போகிறார். எதிரே வருகிறவருக்கு வலது கை மேலே போகிறது, சைக்கிள் நிற்காமல் போகிறது. முனையில் திரும்புகிறார். என் கால் என்னைக் கேட்காமல் ஸ்கூட்டர் நிற்கிற பக்கம் ஓரடி போய்விடுகிறது. சரி என்று சொன்னேன், மாட்டியும் கொடுத்தாயிற்று. மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். வீடு இவ்வளவு பெரியதா. போர்வையை உதறி மடிக்கிறேன், அறுந்த டேப் துண்டுகளைப் பொறுக்குகிறேன். இப்போது பேக்கரி தாண்டியிருப்பார். இப்போது ரேஷன் கடை. அங்கே வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கையைத் தூக்க வேண்டும், தூக்கட்டும். இப்போது பாலத்தின் அடி. துவரம் பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டு, மஞ்சள் தூள், ஒரு சொட்டு எண்ணெய், தக்காளி இல்லை, அதுதான் வாங்கிவர வேண்டும், வெயிட் போட்டு அடுப்பைப் பெரிதாக வைக்கிறேன். இப்போது மேடு. இடது தோள் எப்படி இருக்கும். முதல் தடவையாக எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது உடம்பெல்லாம் வலிக்கிறது. பயமாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது, பயமாகத்தான் இருக்கிறது. ஒரு ரயில் போகிற சத்தம் கேட்கிறது, பாலத்துக்கு அடியில் போகிற ரயில், அவர் இப்போது அதற்கு மேலே இருக்க வேண்டும், அல்லது ஓரக் கட்டையில் உட்கார்ந்து, வேண்டாம். போன் அடிக்கிறது. அவர் நம்பர்தான், தெரியாத நம்பர் இல்லை. எடுத்துக் காதோடு அழுத்திக்கொள்கிறேன், சந்தை இரைச்சலுக்கு நடுவே அவர் மூச்சு மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கிறது, சீராக வருகிறது, போகிறது, வருகிறது. ஏறிட்டேன் புள்ளே, எறங்கிட்டேன், சந்தை வாசல்ல நிக்கிறேன் என்கிறார். அப்புறம், நான் அவர் மூச்சைக் கேட்கிறது போல அவரும் எதையோ காதை வைத்துக் கேட்கிறார். நான் ரோட்டில் நிற்கிறேனா, என் பக்கம் வண்டிச் சத்தம் வருகிறதா என்று உற்றுக் கேட்கிறார்.

"எங்கே இருக்கே?"

"வீட்லதான்."

"நெசமாவா?"

"அடுப்புகிட்ட நிக்கிறேனுங்க. பருப்பு வெச்சிருக்கேன்."

"எங்கே, குக்கர் சத்தத்தக் கேக்க வை."

விசில் இன்னும் வரவில்லை. போனைக் குக்கருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் விசிலுக்காகக் காத்திருக்கிறோம்.